உலோக உணரி

உலோக உணரி என்பது மண், மரம், துணி, உணவு முதலியவற்றுள் மறைந்திருக்கும் உலோகப் பொருளை, தோண்டாமலும் பிரிக்காமலும், மின்காந்தத் தூண்டலின் வழியாகக் கண்டறிய உதவும் மின்னணுக் கருவி ஆகும். உலோகத்தை மாழை என்றும் கூறுவதால் இதனை மாழை உணரி என்றும் குறிப்பிடலாம். பேச்சு வழக்கில் மெட்டல் டிடெக்டர் என்றே பெரிதும் வழங்குகிறது. பாதுகாப்புச் சோதனை, கண்ணிவெடி அகற்றல், உணவுத் தொழில், தொலைந்த பொருளைத் தேடுதல், தொல்லியல் கள ஆய்வு ஆகியவற்றில் இக்கருவி பயன்படுகிறது.

கையில் ஏந்தி நிலத்தைத் துழாவும் வகையைச் சேர்ந்த இன்றைய மேம்பட்ட கருவிகள் ஒலி, எண், திரைப்படம் ஆகிய மூன்று வழிகளிலும் செய்தி தருகின்றன. அச்செய்தியைப் பொருள் கொள்ளப் பயிற்சி வேண்டும். ஒரே கருவி ஒரு மண்ணில் தரும் குறிகையும் வேறொரு மண்ணில் தரும் குறிகையும் ஒன்றல்ல. மேலும், கருவி உலோகம் இருப்பதை மட்டுமே கூறும். அவ்வுலோகத்தின் காலத்தையோ வரலாற்றையோ கூறாது. இக்கட்டுரை கருவி செயற்படும் முறையையும் அதனைப் பழகும் முறையையும் திருநெல்வேலி, தாமிரபரணி ஆற்றுவெளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய தொல்லியல் இடங்கள் அமைந்த இவ்வெளியில், கருவியை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதை அறிவதும் பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

செயற்படும் முறை

உலோக உணரியின் முதன்மை உறுப்பு அதன் அடியில் உள்ள வட்டமான தேடுசுருள் ஆகும். இதனுள் செலுத்துசுருள், ஏற்புச்சுருள் என இரு கம்பிச்சுருள்கள் உள்ளன. செலுத்துசுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அதனைச் சுற்றி மாறும் காந்தப்புலம் தோன்றுகிறது. இப்புலம் மண்ணுள் ஊடுருவி அங்குள்ள உலோகப் பொருளில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டங்கள் தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அதனை ஏற்புச்சுருள் உணர்கிறது. உலோகம் இல்லாதபோது செலுத்துசுருளின் புலம் ஏற்புச்சுருளில் ஏறத்தாழச் சுழியாகுமாறு இரண்டும் சமன்செய்து அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே மிகச் சிறிய மாற்றமும் தெரிந்துவிடும்.

திரும்பி வரும் குறிகை, செலுத்திய குறிகையிலிருந்து காலத்தால் சற்றுப் பின்தங்கி வரும். இப்பின்னடைவு கட்ட வேறுபாடு எனப்படும். வெள்ளி, செம்பு போன்ற நன்கு கடத்தும் தடித்த பொருள்களில் கட்ட வேறுபாடு மிகுதி. மெல்லிய அலுமினியத் தாள், சிறு பொன் மணி போன்றவற்றில் குறைவு. இரும்பு மின்னைக் கடத்துவதுடன் காந்தத்தன்மையும் உடையதால் அதன் குறிகை வேறுபட்டு நிற்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டே கருவி உலோகங்களை வகைப்படுத்துகிறது.

காந்தப்புலம் தொலைவைப் பொறுத்து விரைந்து குறைகிறது. பொருளின் தொலைவு சுருளின் ஆரத்தைவிடக் கணிசமாக மிகும்போது, குறிகையின் வலிமை தொலைவின் ஆறாம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். அதாவது ஆழம் இரு மடங்கானால் குறிகை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். எனவே விலை மிகுந்த கருவி எத்தனை மீட்டர் ஆழத்தையும் காணும் என்னும் எண்ணம் தவறானது. ஏறத்தாழ 28 செ.மீ. விட்டமுள்ள சுருளைக் கொண்ட நல்ல கருவி, காசு அளவுள்ள பொருளைப் பொதுவாக 15 முதல் 25 செ.மீ. ஆழம் வரையே நம்பத்தக்க வகையில் உணர்கிறது. பெரிய சுருள் ஆழமாகச் செல்லும். ஆனால் சிறு பொருள்களைத் தவறவிடும்.

வகைகள்

1. அடிப்பு அலைவு வகை: இரு அலையியற்றிகளின் அதிர்வெண் வேறுபாட்டை ஒலியாகக் கேட்பிக்கும் எளிய அமைப்பு. மாணவர்கள் செய்முறைக்காகக் கட்டும் கருவிகள் பெரும்பாலும் இவ்வகையின.

2. மிகத்தாழ் அதிர்வெண் வகை: ஏறத்தாழ 3 முதல் 100 கிலோஹெர்ட்சு வரையிலான ஓர் அதிர்வெண்ணைத் தொடர்ந்து செலுத்துவது. உலோகங்களைப் பிரித்தறியும் திறன் உடையது. தாழ்ந்த அதிர்வெண் பெரிய வெள்ளி, செம்புப் பொருள்களுக்கும், உயர்ந்த அதிர்வெண் சிறிய, மெல்லிய பொருள்களுக்கும் ஏற்றது.

3. துடிப்புத் தூண்டல் வகை: குறுகிய மின்துடிப்புகளைச் செலுத்தி, துடிப்பு நின்ற பின் உலோகத்தில் எஞ்சும் மின்னோட்டம் தேய்வதை அளப்பது. உப்புநீர் தோய்ந்த கடற்கரையிலும் இரும்புத் தாது மிகுந்த மண்ணிலும் நன்கு வேலை செய்யும். ஆயினும் இரும்பையும் பிற உலோகங்களையும் பிரித்துக் காட்டுவதில் பின்தங்கியது.

4. பல்லதிர்வெண் வகை: பல அதிர்வெண்களை ஒருங்கே செலுத்தி, அவற்றின் விடைகளை நுண்செயலி கொண்டு ஒப்பிடுவது. இன்று மேம்பட்ட கருவி என விற்கப்படுபவற்றுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

வரலாறு

1879-இல் டேவிட் எட்வர்டு ஹியூசு தூண்டல் தராசு என்னும் கருவியை அமைத்தார். 1881 சூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சேம்சு கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டின் இடத்தை அறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே நெறியில் ஒரு கருவியைச் செய்தார். முயற்சி வெற்றி பெறவில்லை. படுக்கையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின. மருத்துவரும் குண்டு வலப்பக்கத்தில் இருப்பதாகக் கருதி அப்பக்கத்தை மட்டுமே சோதிக்க இசைந்தார். குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. கருவி சரியாக இருந்தாலும் சுற்றுப்புறத்தையும் தேடும் இடத்தையும் சரியாக அறியாவிடில் பயனில்லை என்பதற்கு இது தொடக்கக்கால எடுத்துக்காட்டு ஆகும்.

செருமனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெரார்டு ஃபிசர், 1930-களில் கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியை உருவாக்கி, 1937-இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுப் படை அலுவலர் யோசெப் கொசாட்சுகி வடிவமைத்த கண்ணிவெடி உணரிகளில் ஏறத்தாழ 500, 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டன. திரிதடையம் வந்தபின் கருவியின் எடை குறைந்தது. 1970-களில் பிரித்தறியும் வசதியும், பின்னர் நுண்செயலியும் எண் திரையும் சேர்ந்தன. 1990-களின் தொடக்கத்தில் பல்லதிர்வெண் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

மேம்பட்ட கருவியின் அமைப்புகள்

புதிய கருவியைக் கையில் எடுப்பவர் முதலில் அறிய வேண்டிய அமைப்புகள் வருமாறு.

உணர்திறன்: திரும்பி வரும் குறிகையை எவ்வளவு பெருக்குவது என்பதை வரையறுப்பது. இதனை மிகுதியாக்கினால் ஆழம் கூடும் என்று புதியவர் கருதுவர். உண்மையில் மண்ணின் குறிகையும் மின்கம்பிகளின் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கருவி காரணமின்றி ஒலிக்காத அளவுக்குக் குறைத்து வைப்பதே நன்று.

நிலச் சமன்: மண்ணில் உள்ள இரும்புத் தாதுக்களின் குறிகையைக் கழிப்பது. உலோகம் இல்லாத ஓரிடத்தில் சுருளை நிலத்திலிருந்து சற்று உயர்த்தியும் தாழ்த்தியும், ஒலி மாறாத நிலை வரும் வரை சரிசெய்தல் வேண்டும். மண்ணின் நிறமோ ஈரமோ மாறும்போதெல்லாம் இதனைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பிரித்தறிதல்: தேவையற்றவை எனக் கருதும் உலோக வகைகளை ஒலிக்காமல் தடுப்பது.

இலக்கு எண்: கட்ட வேறுபாட்டை எண்ணாகக் காட்டுவது. ஒரு கருவியில் இது −9 முதல் 40 வரையும், வேறொன்றில் 0 முதல் 99 வரையும் இருக்கலாம். எண் பொருளின் பெயர் அன்று. பொன் மோதிரம், அலுமினியத் தாள், செம்பு-நிக்கல் காசு ஆகியவை அருகருகே எண் பெறக்கூடும்.

மீள்வேகம்: ஒரு குறிகையிலிருந்து விடுபட்டு அடுத்ததை உணரக் கருவி எடுத்துக்கொள்ளும் விரைவு. குப்பை மிகுந்த இடத்தில் உயர்ந்த மீள்வேகம் உதவும். ஆழம் சற்றுக் குறையும்.

இடங்குறித்தல்: சுருளை அசைக்காமல் பொருளின் நேர்மேல் இடத்தைக் காணும் நிலை. தோண்டும் குழியைச் சிறிதாக்குவதே இதன் நோக்கம்.

பழகும் முறை

தொடக்கத்தில் தயாரிப்பாளர் அமைத்த நிலையிலேயே கருவியை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது எதனை மாற்றியது என்பது விளங்காது.

முதற் படி காற்றுச் சோதனை. கருவியைக் கிடையாக வைத்து, அறிந்த பொருள்களைச் சுருளின் முன் ஒவ்வொன்றாக அசைத்து, ஒலியையும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்திய நாணயங்களே இதற்குச் சிறந்த பாடம். 1980-களின் செம்பு-நிக்கல் 1 ரூபாய்க்கும், 1992 முதல் வந்த துருவேறா எஃகு 1 ரூபாய்க்கும் குறிகை வேறுபடும். பின்னது காந்தத்தால் ஈர்க்கப்படும் எஃகு ஆகையால் இரும்பின் இயல்பும் அதில் கலந்து தெரியும். பழைய அலுமினியப் பைசாக்கள், வெண்கலக் காலணா, இரு உலோகங்களால் ஆன 10 ரூபாய் ஆகியவற்றையும் ஒப்பிடலாம். தாலிச் சங்கிலி போன்ற கோவையை அசைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. அதன் எடைக்கு ஏற்ற குறிகை வராது. ஒவ்வொரு கண்ணியிலும் தனித்தனியே சிறு மின்னோட்டமே சுழல்வதால், கருவி பல சிறு பொருள்களையே காண்கிறது. படித்துறையில் குளிக்கும்போது தவறிய மோதிரம் கிடைத்து, சங்கிலி கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் படி சோதனைப் பாத்தி. சொந்தத் தோட்டத்தில், முதலில் கருவியால் துழாவிப் பழைய ஆணி, கம்பித் துண்டுகளை அகற்றிய ஓரிடத்தில், காசுகளை 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் போதிய இடைவெளி விட்டுப் புதைத்து, இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரு காசைக் கிடையாகவும் மற்றொன்றைச் செங்குத்தாகவும் வைத்தால் வேறுபாடு புலப்படும். வேறொரு காசின் அருகே ஓர் ஆணியைப் புதைத்தால், இரும்பின் குறிகை காசின் குறிகையை மறைப்பதைக் காணலாம். இது இரும்பு மறைப்பு எனப்படும். இப்பாத்தியைக் கோடையில் ஒருமுறையும், கார், பிசானப் பருவங்களில் மண் நனைந்திருக்கும்போது ஒருமுறையும் சோதித்தால் ஈரத்தின் விளைவு தெரியும்.

மூன்றாம் படி வீச்சுப் பயிற்சி. சுருளை நிலத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. மேலே, நிலத்துக்கு இணையாக, ஒரே வேகத்தில் இடமும் வலமும் வீச வேண்டும். வீச்சின் முனைகளில் கையை உயர்த்திவிடுவது புதியவர்களின் பொதுவான பிழை. ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். குறிகை கேட்டவுடன் தோண்டாமல், செங்குத்துத் திசையிலிருந்தும் ஒருமுறை வீசிப் பார்க்க வேண்டும். இரு திசைகளிலும் எண் நிலையாக இருப்பின் பொருள் முழுமையானதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒரு திசையில் மட்டும் ஒலித்தால் வளைந்த ஆணியாகவோ தகரத் துண்டாகவோ இருக்கலாம்.

நாள், மண், ஈரம், இலக்கு எண், ஆழம், வெளிவந்த பொருள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருவது பயன் தரும். கருவி காட்டிய எண்ணையும் கையில் வந்த பொருளையும் நூறு முறையேனும் ஒப்பிட்டவருக்கே அவ்வெண் பொருள்படத் தொடங்கும்.

தாமிரபரணி ஆற்றுவெளியின் மண்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியே ஏறத்தாழ 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இக்குறுகிய நீளத்துக்குள் மண் பலவாறு மாறுகிறது.

ஆற்றையொட்டிய நன்செய் வண்டலில் கருவி பெரும்பாலும் அமைதியாக வேலை செய்யும். தெற்கே சாத்தான்குளம், திசையன்விளைப் பகுதிகளில் உள்ள தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் மணல் துகள்கள் இரும்பு ஆக்சைடு படிந்தவை. எனவே நிலச் சமன் இன்றியமையாதது. கடற்கரை மணலில் இல்மனைட்டு, கார்னெட்டு போன்ற கன தாதுக்கள் உள்ளன. கடலோர உப்பளப் பகுதியின் ஈர மண் தானே மின்னைக் கடத்துவதால், தனி அதிர்வெண் கருவி அங்கே ஓயாது ஒலிக்கும். பல்லதிர்வெண் அல்லது துடிப்புத் தூண்டல் கருவியே பொருந்தும். உயர் அழுத்த மின்கம்பிகளின் அருகில் மின் இரைச்சல் குறுக்கிடக்கூடும். அதிர்வெண்ணைச் சற்று மாற்றினால் குறையும்.

ஆற்று மணலில் கிடைக்கும் காசுகள் தனி வகை. 1992 நவம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களைப் போன்ற பெருவெள்ளங்கள் அவற்றை முதலில் விழுந்த இடத்திலிருந்து புரட்டிச் செல்கின்றன. 2018 அக்டோபரில் நடந்த மகா புட்கர விழாவில் நீராடியவர் இட்ட காசும், பல நூற்றாண்டுப் பழமையான செப்புக்காசும் ஒரே மணலில் கிடக்கக்கூடும். இப்பகுதியின் காசுகளைப் பற்றி லோவந்தால் எழுதிய திருநெல்வேலிக் காசுகள் பற்றிய ஆங்கில நூல் 1888-இல் சென்னையில் வெளிவந்தது.

இரும்பும் தொல்லியலும்

உலோக உணரியைப் பொழுதுபோக்காகப் பயன்படுத்துவோர்க்கென எழுதப்பட்ட மேலைநாட்டுக் கையேடுகள் பல, இரும்பைக் குப்பையாகவே கருதுகின்றன. கருவிகளும் இரும்பை ஒலிக்காமல் தடுக்கும் நிலையில் அமைக்கப்பட்டே பெரும்பாலும் வருகின்றன. தாமிரபரணி ஆற்றுவெளியில் இக்கருத்து பொருந்தாது. இங்கு மண்ணுள் உள்ள மிகப் பழைய உலோகச் சான்றுகளுள் இரும்பு முதன்மையானது.

ஆதிச்சநல்லூர் திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில், தூத்துக்குடி மாவட்டத்தில், ஆற்றின் தென்கரையில் உள்ளது. ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ள இத்தாழிக்காட்டில் 1876-இல் செருமானிய அறிஞர் யாகோர் தோண்டினார். அவர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்து, பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், வேல்கள் முதலியவற்றைக் கண்டெடுத்தார். அவற்றின் பட்டியல் 1915-இல் வெளிவந்தது. பொருள்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. 2004-05-இல் இந்தியத் தொல்லியல் ஆய்வகம் முனைவர் தி. சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்து, 150-க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகளை வெளிக்கொணர்ந்தது. அவ்வகழாய்வின் இரு மாதிரிகளுக்குக் கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலக்கணிப்புகள் கிடைத்தன. இத்துறை பின்னர் நடத்திய அகழாய்வில் 2022-இல் மேலும் ஒரு பொன் நெற்றிப்பட்டம் கிடைத்தது.

இவ்வகழாய்வுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு கருதத்தக்கது. யாகோரும் ரீயும் தோண்டியபோது கரிமக் காலக்கணிப்பு முறை இல்லை. பொருள்கள் காப்பாற்றப்பட்டன; ஆனால் அவற்றுடன் கிடந்த கரியையும் தானியத்தையும் கொண்டு காலம் அறியும் வாய்ப்பு அன்றைக்கு இல்லை. அதனால் ரீ எடுத்த அழகிய வெண்கலப் பொருள்களைவிட, நூறாண்டுக்குப் பின் எடுத்த எளிய மாதிரிகளே காலத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன.

சிவகளையில் இது மேலும் விளங்குகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2020 முதல் 2022 வரை இங்கு அகழாய்வு செய்தது. ஒரு தாழியுள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதை 2021 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. 2025 சனவரி 23 அன்று வெளியிடப்பட்ட இரும்பின் தொன்மை என்னும் ஆய்வறிக்கை, சிவகளையில் இரும்புடன் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதி வரை, அதாவது கி.மு. 3345 வரை, செல்வதாகக் கூறியது. இக்கணிப்பு அறிஞரிடையே விரிவான விவாதத்தைத் தோற்றுவித்துள்ளது.

இக்காலங்கள் இரும்பிலிருந்து நேரடியாகப் பெறப்பட்டவை அல்ல. இரும்புப் பொருள்களுடன் அதே சூழலில் கிடந்த கரித்துண்டுகளை முடுக்கி நிறைமாலை முறையிலும், மட்கலத் துண்டுகளை ஒளித்தூண்டல் ஒளிர்வு முறையிலும் ஆய்ந்து பெறப்பட்டவை. ஒளிர்வு முறைக்கு எடுக்கும் மாதிரி வெளிச்சம் படாமல் காக்கப்பட வேண்டும். யாரேனும் ஒருவர் கருவியின் ஒலியைக் கேட்டுக் குழி தோண்டி அவ்விரும்பை மட்டும் எடுத்திருந்தால், கையில் துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று இருந்திருக்கும். அதன் காலம் என்றென்றைக்கும் இழக்கப்பட்டிருக்கும்.

கருவி உணராதவை

முதுமக்கள் தாழி, எலும்பு, நெல், கரி, குறியீடு கீறிய பானையோடு, சங்கு, செங்கல் ஆகிய எவற்றையும் உலோக உணரி உணராது. முற்றிலும் துருவாகிய இரும்பும் கடத்துதிறனையும் காந்தத்தன்மையையும் பெரிதும் இழந்துவிடுவதால் மிக மெல்லிய குறிகையே தரும். ஒரு மீட்டருக்கும் ஆழத்தில் உள்ள தாழியினுள் இருக்கும் சிறு பொருள் கருவியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே ஓரிடத்தில் கருவி ஒலிக்கவில்லை என்பதால் அங்கே தொல்லெச்சம் இல்லை என்று கொள்ளுதல் பிழை.

அறிஞர் கையில் இக்கருவி தொல்லியலுக்கு உதவியதும் உண்டு. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஆர்ன் போர்க்களத்தில் 1984-இல் நடந்த ஆய்வில், உணரிகளால் கண்ட ஒவ்வொரு துப்பாக்கிக் குண்டின் இடமும் அளந்து குறிக்கப்பட்டு, போர் நடந்த முறை மீட்டறியப்பட்டது. அங்கே குண்டைவிடக் குண்டு கிடந்த இடமே சான்றாயிற்று.

இங்கிலாந்தின் ஆக்சுன் என்னும் ஊரில் 1992 நவம்பரில் ஒருவர் தொலைந்த சுத்தியலைத் தேடும்போது உரோமானியப் புதையல் ஒன்றைக் கண்டார். சிறிது எடுத்த பின் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். தொல்லியலாளர் வந்து எஞ்சியதை முறையாக அகழ்ந்ததால், ஏறத்தாழ 15,000 காசுகளும் அணிகளும் பெட்டியுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதும் பதிவாயிற்று. அச்சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

சட்டம்

இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றில் நில உரிமையாளரின் இசைவுடன் உணரி கொண்டு தேடுவதற்கும், கண்டவற்றைப் பதிவு செய்வதற்கும் ஏற்பாடுகள் உள்ளன. இந்தியாவின் நிலை வேறு.

இந்தியப் புதையல் சட்டம், 1878: மண்ணில் மறைந்துள்ள மதிப்புடைய எப்பொருளும் புதையல் ஆகும். 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர், அதன் தன்மை, தோராய மதிப்பு, கண்ட இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழி தெரிவிக்க வேண்டும். புதையலை அருகிலுள்ள அரசு கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது பிணை தர வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஓராண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமையாளர் இல்லாப் புதையல் என ஆட்சியர் அறிவித்தால், நிலத்தின் உரிமையாளர் உரிமை கோரும்போது, வேறு உடன்பாடு இல்லையெனில், நான்கில் மூன்று பங்கு கண்டவருக்கும் எஞ்சியது நில உரிமையாளருக்கும் சேரும். அரசு விரும்பினால் பொருளின் உலோக மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்துத் தானே எடுத்துக்கொள்ளலாம்.

தொல்லியல் இடங்கள் சட்டம், 1958: பாதுகாக்கப்பட்ட இடத்தில் உரிமம் இன்றி அகழ்தல் கூடாது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்துள்ளது. மாநில அரசால் பாதுகாக்கப்படும் இடங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு.

தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டம், 1972: நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய காசு, சிற்பம் முதலியவை தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. உரிமம் இன்றி வாணிகம் செய்வதும் குற்றம்.

பொருள் கிடைத்தால் செய்ய வேண்டியவை

தோட்டத்தில் தொலைந்த மோதிரத்தையோ உழவு இயந்திரத்தின் ஊசியையோ தேடும்போது பழைய பொருள் தென்பட்டால் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. தோண்டுவதை உடனே நிறுத்த வேண்டும். பாதி தெரியும் பொருளை இழுத்து எடுக்கக் கூடாது.

2. அருகில் ஓர் அளவுகோலோ காசோ வைத்து, பொருள் கிடக்கும் நிலையிலேயே ஒளிப்படம் எடுக்க வேண்டும். ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் குறிக்க வேண்டும்.

3. கையில் வந்துவிட்ட பொருளைக் கழுவவோ, புளியிட்டுத் துலக்கவோ, சுரண்டவோ கூடாது. மேற்பரப்பின் களிம்பும் ஒட்டிய மண்ணும் சான்றுகளே.

4. உடன் உள்ள பானையோடு, கரி, எலும்பு ஆகியவற்றைத் தொடாமல் விட வேண்டும்.

5. கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழி தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

2020 பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் பணியின்போது ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவை வருவாய்த் துறையினர் வழியாகக் கருவூலத்தில் வைக்கப்பட்டன.

பிற பயன்பாடுகள்

இலங்கையின் வட மாகாணத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியில் உலோக உணரிகள் பெரும்பங்கு ஆற்றியுள்ளன. எலோ அறக்கட்டளை அங்கு 2002 முதல் பணியாற்றி வருகிறது. பணியாளருள் தமிழ்ப் பெண்கள் பலர். நெகிழியால் ஆன கண்ணிவெடியில் உலோகம் ஒரு கிராம் அளவோ அதனினும் குறைவாகவோ இருக்கலாம். ஆகவே அங்கே எந்த ஒலியையும் குப்பை எனத் தள்ள இயலாது. பணி தொடங்குமுன் சோதனைத் துண்டு ஒன்றைக் கொண்டு கருவி சரியாக உணர்கிறதா என்று பார்ப்பது நடைமுறை.

வானூர்தி நிலையம், நீதிமன்றம், பெரிய கோயில்கள் ஆகியவற்றின் வாயில் சட்ட உணரிகளும், காவலர் கையில் வைத்திருக்கும் சிறு உணரிகளும் துடிப்புத் தூண்டல் அல்லது தொடர் அலை நெறியில் இயங்குகின்றன. அரைவை ஆலைகளிலும் உணவுப் பொட்டலம் கட்டும் இடங்களிலும் கம்பித் துண்டு, திருகாணி ஆகியவை உணவில் கலவாமல் காக்க ஓடுபட்டைமேல் உணரிகள் பொருத்தப்படுகின்றன.